காதின் பின்னால் ஒரு கட்டி

ஐந்தாம் படிவம் படித்தபோது என் வலது காதின் பின்னால் சிறு கட்டி தோன்றியது. வலியில்லை, அரிப்பு மட்டும் இருந்தது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். கரையவில்லை. தாத்தா புற்றுநோயில் இறந்தவர் என்பதால் எனக்குள் பயம். முடியை வளர்த்து மறைத்தேன். கட்டொழுங்கு ஆசிரியர் விடுவாரா? முடியை வெட்டச் சொன்னார். வெட்டியதும் கட்டி கோழிமுட்டை அளவில் இருந்ததை அம்மா கண்டார். மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம்.

முதலில் ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்த்தார்கள். தெளிவான முடிவு இல்லை. காசநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையும் இப்படிக் கட்டியாக வரலாம் என்பதால், ஒரு துண்டைச் சிறு அறுவையில் எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அந்த இரண்டு வாரங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் பெயர் தெரிந்தது: கிமுரா நோய். புற்றுநோய் அன்று.

1937இல் சீனாவில் கிம், ஸேடோ இருவரும் இதனை முதலில் பதிவு செய்தனர். 1948இல் ஜப்பானில் கிமுராவும் சகாக்களும் விரிவாக எழுத, அவர் பெயரே நிலைத்துவிட்டது. முந்தியவருக்குப் பெயர் கிட்டாதது மருத்துவத்திலும் உண்டு போலும்!

இது அரிய நோய். ஆசிய இளைஞர்களுக்கே, அதிலும் ஆண்களுக்கே, பெரும்பாலும் வருகிறது. ஈசினோபில் என்னும் வெள்ளையணுக்கள் தோலுக்கடியில் குவிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களும் வீங்கலாம். இரத்தத்தில் அவ்வணுக்களும் ஐஜிஇ என்ற புரதமும் கூடியிருக்கும். ஒவ்வாமையிலும் குடற்புழுத் தொல்லையிலும்கூட இவை கூடும். ஆகவே இரத்தச் சோதனை சந்தேகத்தைத்தான் தரும். உறுதியைத் தருவது திசுச் சோதனையே.

"காதில் கட்டிக்கு எதற்கு டாக்டர் சிறுநீர்ச் சோதனை?" என்று அம்மா கேட்டார். சிலருக்கு இந்நோய் சிறுநீரகத்தையும் தாக்கி, சிறுநீரில் புரதம் ஒழுகச் செய்யுமாம். நண்பர்களே, கட்டியை மறைத்து வைத்த ஓராண்டை நினைத்து நான் நடுங்கியது அப்போதுதான். நல்லவேளை, எனக்குப் புரதம் ஒழுகவில்லை.

தொல்லை தராத சிறு கட்டியைச் சிகிச்சையின்றிக் கண்காணிக்கலாம். மற்றபடி அறுவை, ஸ்டீராய்டு, சிலருக்குக் கதிர்வீச்சு. எனக்கு அறுத்தெடுத்தார்கள்; ஓராண்டில் திரும்பி வந்தது. இந்நோயின் குணமே அதுதான். அடுத்து ஸ்டீராய்டு மாத்திரை. கட்டி சுருங்கியது, என் முகம் உப்பியது! மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதால் படிப்படியாகக் குறைத்தார்கள்.

இப்போது கட்டி கடலை அளவில் இருக்கிறது. ஆறு மாதத்திற்கொரு முறை இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வருகிறேன். முடியைக் குட்டையாகவே வெட்டிக்கொள்கிறேன்.