மலை காத்தலும் நீர் காத்தலும்

நம் புதுவை நகரில் மலை இல்லை, கடலே உண்டு. எனினும், வில்லியனூரை அடுத்து ஓடும் சங்கராபரணியாறு செஞ்சிப் பக்கத்து மலைகளினின்று இறங்கி வருவது. ஊசுட்டேரிக்கு நீரூட்டுவதும் அதுவே. குறிஞ்சி வறண்டால் மருதமும் நெய்தலும் வாடுமன்றோ? ஆதலின், மலையை மக்களே காக்கும் வகையை அறிதல் நமக்கும் கடனாம். அதற்குப் பழனி மலை தக்கதொரு சான்று.

அம்மலையின் உச்சிப்பகுதி பண்டு புல்வெளியும் சோலையும் விரவிக் கிடந்தது. பெய்த மழையைப் புல்லின் வேரும் சோலையில் மக்கிய இலையும் உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடும். மழை நின்ற பின்னும் ஓடைகள் வற்றாதிருந்தமைக்குக் காரணம் இதுவே.

1845-ஆம் ஆண்டில் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். ஊர் வளர்ந்தது; விறகின் தேவையும் வளர்ந்தது. ஆஸ்திரேலிய நாட்டுச் சீகை மரமும் யூக்கலிப்டஸும் வந்தன. 20-ஆம் நூற்றாண்டில், தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அவை பெருந்தோட்டங்களாகப் பரப்பப்பட்டன. புல்வெளியை வெறுநிலம் எனக் கருதியதே பிழையாயிற்று.

1985-இல் தோன்றிய பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்னும் அமைப்பு, நாற்றங்கால்கள் அமைத்து ஊராரிடம் மரக்கன்றுகளைச் சேர்ப்பித்தது. இதன் நுட்பம் யாது? அடுப்பெரிக்க வழியற்ற தாயிடம் 'காட்டைத் தொடாதே' எனல் பயனற்ற சொல்லாம். தன் நிலத்திலேயே விறகும் கனியும் பெறுவோர்க்கோ காட்டை அழிக்க வேண்டுவதில்லை.

அயல்மரங்களை ஒருங்கே வெட்டி எறிந்தால் என்ன? வட்டக்கானலில் நெடுங்காலம் உழைத்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்னும் இருவர் ஓர் உண்மையைக் கண்டனர்: அம்மரங்களின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தாமே தழைக்கின்றன. திடீரென வெட்டி நிலத்தைத் திறந்துவிட்டாலோ, மண்ணுள் உறங்கும் சீகை விதைகளே முந்தி முளைக்கும். எனவே, காத்தற்கு அன்போடு பொறுமையும் வேண்டும்.

2013-இல் அரசினர் கோடைக்கானல் வனவுயிர்ச் சரணாலயத்தை அறிவித்தனர். சட்டம் வேலியாகலாம், வேலிக்குள் பயிரை வளர்ப்பவர் அங்கு வாழும் மக்களே.

மாணவ நண்பர்களே! கோடை விடுமுறையில் அம்மலைக்குச் செல்வோர் ஏரியையும் அருவியையும் மட்டும் கண்டு மீளாது, ஒரு சோலையுள்ளும் சிறிது நேரம் நின்று, காலடி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் ஈரம், கீழ்நாட்டில் வாழும் நம்போன்றோர் குடிக்கும் நீர் எங்குப் பிறக்கிறதென்பதை உணர்த்தும். மீண்டபின், நம் சங்கராபரணி பிறக்கும் குன்றுகளில் மரம் உண்டோ என்று கேட்கவும் தோன்றும்.