42 வாங்கினால்தான் 'பாஸ்'!

தேர்வில் 35 மதிப்பெண் வாங்கினால் பாஸ். இது உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்துக் கடலில் ஒரு மீன் இருக்கிறது. அதன் பெயரே 'பாஸ்'தான். அதற்கு 35 போதாது, 42 வேண்டும்! மதிப்பெண் அல்ல, சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 42 செ.மீ. இருந்தால்தான் அந்த மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாம். கொஞ்சம் குறைந்தாலும் மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இது சட்டம்.

ஏன் இப்படி ஒரு சட்டம்? சின்னஞ்சிறு படகில் ஏறி, ஆற்று முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்ப்போம், வாருங்கள்!

கட்டுமரத்தின் தூரத்துச் சொந்தம்

நாம் ஏறப்போகும் படகின் பெயர் கயாக். ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். பெரும்பாலும் ஒருவர்தான் உட்காரலாம். துடுப்பின் இரண்டு முனைகளும் தட்டையாக இருக்கும். இடது, வலது என்று மாற்றி மாற்றி வலித்துக்கொண்டே போகவேண்டும். வட துருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசங்களில் வாழும் இனுயிட் மக்கள், சட்டத்தின் மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்தி இதைச் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள்.

மீன் பிடிப்பவர்கள் பலரும் விரும்புவது, மேலே உட்கார்ந்து செல்லும் வகை. அதில் சிறு துளைகள் இருக்கும். அலை அடித்து உள்ளே விழும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக வடிந்துவிடும். நம் கட்டுமரத்திலும் மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடுகிறது அல்லவா? இரண்டும் ஒரே யோசனைதான்! கயாக்கில் இன்ஜின் சத்தம் இல்லை. அதனால் மீன்கள் மிரளாது.

ஏறும் கடல், இறங்கும் கடல்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற பகுதி இருக்கிறது. எக்ஸ், டார்ட் போன்ற ஆறுகள் அங்கே கடலில் கலக்கின்றன. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சேரும் இடம்தான் முகத்துவாரம். அங்குள்ள சேற்றில் நண்டு, இறால், புழு எல்லாம் ஏராளம். கடல் ஏறும்போது, அந்தத் தண்ணீரோடு பாஸ் மீன்களும் இரை தேடி உள்ளே வரும். முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட அவை மேயும்.

கடல் ஏறி இறங்குவதற்குக் காரணம் நிலாவும் சூரியனும் ஈர்ப்பதுதான். ஏறுவதற்கு 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இறங்குவதற்கும் ஏறத்தாழ அவ்வளவே. சென்னையில் கடல் மட்டம் சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். இங்கிலாந்தின் செவர்ன் ஆற்று முகத்துவாரத்தில், சில நாட்களில் ஏறத்தாழ 14 மீட்டர்! நான்கு மாடி உயரம்!

இப்போது ஒரு கணக்கு. கயாக்கில் நிதானமாக வலித்தால் மணிக்கு 5 கி.மீ. போகலாம். ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் வற்றுகிறது. கரையை நோக்கி வலித்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் வலித்த பிறகு, கடல் பக்கமாக 2 கி.மீ. போயிருப்பீர்கள்! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஓத நேர அட்டவணையைப் பார்க்காமல் படகைத் தண்ணீரில் தள்ளமாட்டார்கள். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறவும் மாட்டார்கள். மீன் எவ்வளவு கடித்தாலும், நேரமானால் திரும்பிவிடுவார்கள்.

பெயிலானால் விடுதலை!

தூண்டிலில் மீன் விழுந்துவிட்டது! வெள்ளி போலப் பளபளக்கிறது. முதுகுத் துடுப்பில் ஊசி ஊசியாக முட்கள். செவுள் மூடியின் ஓரமும் கூர்மை. கவனமாகப் பிடிக்க வேண்டும். முதலில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் உடலைக் காக்கும் வழவழப்பு, உலர்ந்த கை பட்டால் உரிந்துவிடும். பிறகு அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 39 செ.மீ.! பெயில்! உடனே தண்ணீரில் விட வேண்டியதுதான். தேர்வில் பெயிலானவருக்குப் பரிசு கிடைப்பது இந்த மீன் கதையில் மட்டும்தான்.

42 என்ற கணக்கு எப்படி வந்தது? பாஸ் மீன் மெதுவாகத்தான் வளரும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரச் சுமார் 6 ஆண்டுகள் ஆகும். அப்போது அதன் நீளம் ஏறத்தாழ 42 செ.மீ. அதாவது, ஒரு முறையாவது முட்டையிட வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் பிடி என்கிறது சட்டம். முன்பு இந்த அளவு 36 செ.மீ. ஆகத்தான் இருந்தது. தாயாகும் முன்பே மீன்கள் பிடிபட்டன. மீன் வளம் வேகமாகக் குறைந்ததால், 2015-ல் அளவை 42 ஆக்கினார்கள். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் ஒரு நாளில் எத்தனை மீன் எடுத்துப் போகலாம் என்பதற்கும் அந்த ஆண்டுதான் கட்டுப்பாடு வந்தது.

மீன்களின் பாலர் பள்ளி

பாஸ் மீன் முட்டையிடுவது கடலில். குஞ்சுகளோ முகத்துவாரத்துக்கு வந்து, சில ஆண்டுகள் அங்கேயே வளர்கின்றன. இரை அதிகம், பெரிய மீன்களின் தொல்லை குறைவு. அந்த இடம் அவற்றுக்கு ஒரு பாலர் பள்ளி! எனவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990-ல் 34 இடங்களைக் குஞ்சு வளரும் பகுதிகளாக அறிவித்தார்கள். பின்னர் அவை 37 ஆயின. அங்கே பல மாதங்களுக்கு, சில இடங்களில் ஆண்டு முழுவதும், படகிலிருந்து பாஸ் பிடிக்கத் தடை. கயாக்கும் படகுதான்! ஆகவே கிளம்பும் முன் ஓத அட்டவணையோடு தடைப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

நம் ஊர் கொடுவா

நம் கழிமுகங்களில் வாழும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் 'ஆசிய சீ பாஸ்' என்பார்கள். பெயர் ஒன்றானாலும் இது வேறு இனம். பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகின்றன! ஆகவே பெரிய கொடுவாக்களை எல்லாம் பிடித்துவிட்டால், முட்டையிடத் தாய் மீனே இருக்காது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம், 1997-ல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது.

செய்து பாருங்கள்

உங்கள் 30 செ.மீ. ஸ்கேலைத் தரையில் வைத்து, இன்னும் 12 செ.மீ. சேர்த்துச் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் 42. அப்பாவோ அம்மாவோ மீன் வாங்கப் போகும்போது நீங்களும் உடன் போங்கள். "இது என்ன மீன்? முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்?" என்று மீன்காரரிடம் கேளுங்கள். கூடையில் இருப்பது பெரிய மீனா, பள்ளிக்கூடம் போகவேண்டிய குஞ்சா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்!