கோலார் சுரங்கத்தில் பாறையைச் சுட வைத்த சோதனை

அணு உலைக் கழிவை ஆழத்தில் புதைத்தால், அதன் சூட்டைத் தாங்க வேண்டியது சுற்றியிருக்கும் பாறைதான். அந்தப் பாறை பல நூறு ஆண்டுகளில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியில்தான் கணிக்க முடியும். அந்தக் கணக்கைச் சரிபார்க்க, 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கோலார் தங்கச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதி ஒன்றில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தது. தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி உழைத்த சுரங்கம் அது. கழிவுக்குப் பதிலாக ஹீட்டர்களை வைத்துப் பாறையைச் சூடாக்கிய சோதனை 8 ஆண்டுகள் நடந்தது.

எரிபொருளை மறுபதப்படுத்திய பின் மிஞ்சும் வீரியமான திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலன்களில் அடைக்கிறார்கள். அதிலுள்ள சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவை பாதியாகக் குறையவே ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். அதுவரையும் அதற்குப் பின்னும் சூடு வந்துகொண்டே இருக்கும்.

கருங்கல் ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு அளவே விரிகிறது. அற்பமாகத் தோன்றும் இந்த விரிவுக்குக்கூட ஆழத்தில் இடமில்லை. 50 டிகிரி ஏறினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோ அழுத்தம் கூடும். தலைக்கு மேலுள்ள 1,000 மீட்டர் பாறையின் பாரத்துக்கு இது சளைத்ததல்ல. அழுத்தம் மாறினால் விரிசல்களின் அகலமும் மாறும். அகலம் பாதியானால் அதில் ஓடும் நீர் எட்டில் ஒரு பங்காகிவிடும். கதிரியக்கத்தை வெளியே சுமந்து வரக்கூடியது அந்த நீர்தான். ஆகவே சூடு, அழுத்தம், நீரோட்டம் மூன்றையும் ஒருசேரக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

பாறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது ஒரு முறை. விரிசல்களால் பிரிந்த தனித்தனிக் கட்டிகளாகவே பாறையைப் பாவிக்கும் முறையை ஆய்வாளர் பீட்டர் கண்டால் 1971இல் முன்வைத்தார். முறை எதுவானாலும் சிக்கல் விரிசலில்தான். ஸ்வீடனின் ஸ்ட்ரிபா சுரங்கத்தில் 1970களின் இறுதியில் நடந்த ஹீட்டர் சோதனையில் வெப்பநிலை கணித்தபடியே ஏறியது. பாறை நகர்ந்ததோ கணித்ததைவிட வெகு குறைவு. விரிவின் ஒரு பகுதியை விரிசல்கள் விழுங்கிவிட்டன. கணினியின் வேகத்தைவிட, துளையிட்டு எடுத்த அளவீடே இத்துறையில் பெரிது.

கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கூடங்குளம் அணு உலைக் கழிவு அங்கே வரப்போகிறது என்ற பேச்சால் 2012இல் அந்த ஊரில் போராட்டம் வெடித்தது. அரசு அதை மறுத்தது. இந்தியாவில் ஆழ்நிலக் கிடங்கு இன்னும் எங்கும் கட்டப்படவில்லை.