துப்பறிவாளரை அமர்த்துமுன் வணிகர்கள் அறிய வேண்டியவை

இருப்பெடுக்கும்போது கணக்குக்கும் கையிருப்புக்கும் ஒத்துவரவில்லை. விற்பனை கூடியிருக்கிறது, கல்லாவில் பணம் கூடவில்லை. வெளியூர் லைனுக்குப் போகும் விற்பனையாளர் வசூலித்த பணம் பத்து நாள் தாமதமாகவே வந்து சேருகிறது. யார் மேல் சந்தேகப்படுவது என்று தெரியாமல், கடையில் உள்ள எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டு தொழில் நடத்துவதைப் போன்ற வேதனை வணிகருக்கு வேறில்லை. இந்தக் கட்டத்தில்தான், "ஒரு டிடெக்டிவ் ஏஜென்சியிடம் சொல்லிப் பார்த்தால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது.

துப்பறிவாளர் என்றாலே பெரிய கம்பெனிகளுக்கும் கல்யாண விசாரணைக்கும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தத் தொழில் தோன்றியதே வணிகர்களை நம்பித்தான். 1833-இல் பாரிஸ் நகரில் வீடோக் என்பவர் தொடங்கிய தகவல் நிலையமே உலகின் முதல் தனியார் துப்பறியும் நிறுவனம் என்று சொல்லப்படுகிறது. கடனுக்குச் சரக்கு வாங்கி ஏமாற்றும் பேர்வழிகளைப் பற்றி வியாபாரிகளுக்கு முன்கூட்டியே தகவல் தருவதுதான் அதன் முக்கிய வேலை. அமெரிக்காவில் பிங்கர்டன் நிறுவனம் வளர்ந்ததும் ரயில்வே கம்பெனிகளுக்காக உழைத்துத்தான். டிக்கெட் பணத்தைக் கண்டக்டர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்ப்பதும் அதில் ஒரு வேலை.

ஆகவே துப்பறிவாளரை அமர்த்துவதில் தவறொன்றுமில்லை. ஆனால் அவரிடம் என்ன கேட்கிறோம், எப்படி ஒப்பந்தம் செய்கிறோம், வந்த அறிக்கையை வைத்து என்ன செய்கிறோம் என்பவற்றில் கவனம் தேவை. அவர் சட்டத்தை மீறினால் அதன் பழி அமர்த்திய முதலாளி தலையிலும் விழும். அவர் தவறான ஆளைக் காட்டினால், பல வருடம் உழைத்த ஒரு நல்ல ஊழியரின் வாழ்க்கை கெடும்.

முதலில் நாமே செய்ய வேண்டியவை

காசு கொடுத்து ஆள் வைக்குமுன், நம் கையிலேயே இருக்கும் வழிகளைப் பார்த்துவிட வேண்டும்.

சரக்குக் குறைவு என்றால், ஒட்டுமொத்தமாகப் பாராமல் பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் வாரந்தோறும் முன்னறிவிப்பின்றி எண்ணிப் பாருங்கள். குறைவது குடோனிலா, கடையிலா, வண்டியிலா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். இறங்கும் சரக்கை எடை போடாமல் சிட்டையை நம்பியே கையெழுத்திடுவது, ரத்தான பில்களை யாரும் பாராதது, இலவசத் திட்டப் பொருள்கள் தனியாக விலை போவது, கவுண்டரில் ஒட்டியுள்ள கியூ.ஆர். அட்டைமேல் வேறொருவரின் அட்டை ஒட்டப்படுவது ஆகியவற்றையெல்லாம் முதலாளியே ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

வசூல் தாமதமானால், விற்பனையாளரிடம் சொல்லாமல் பத்துக் கடைகளுக்கு நிலுவைச் சான்று அனுப்பி, "உங்கள் கணக்கில் இவ்வளவு பாக்கி, சரிதானா?" என்று கேளுங்கள். ஒரு கடையில் வசூலித்ததை இன்னொரு கடையின் பழைய பாக்கிக்கு வரவு வைத்து ஓட்டுபவர் இதில் அகப்பட்டுக்கொள்வார்.

புதிதாகக் கடன் கேட்கும் வியாபாரியைப் பற்றி அறிய வேண்டுமா? ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவரது எண்ணைக் கொடுத்தால், பதிவு எப்போது நடந்தது, நடப்பில் உள்ளதா, ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரா என்று காணலாம். கம்பெனியானால் அதன் அடிப்படை விவரம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொடுத்து வழக்கு உண்டா என்று தேடலாம். புதிய ஊழியரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வழியுண்டு. இவ்வளவையும் செய்து தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் ஏஜென்சிகளும் உண்டு என்பதால், எது நம்மால் ஆகும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் செய்த பின்பும் விடை கிடைக்காதபோது துப்பறிவாளரை நாடலாம். நம் பிராண்டு பெயரில் போலிச் சரக்கு எங்கே பாக்கெட் ஆகிறது, குடோனிலிருந்து வெளியேறும் சரக்கு எந்தக் கடையில் இறங்குகிறது, பாக்கி வைத்துவிட்டுக் கடையைப் பூட்டிச் சென்றவர் இப்போது எங்கே தொழில் செய்கிறார், வாடிக்கையாளர் போல் வந்து வாங்கினால் பில் போடுகிறார்களா என்பன போன்ற கேள்விகள் அவருக்கு ஏற்ற வேலைகள்.

லைசென்ஸ் உண்டா?

இதில் பலருக்கும் குழப்பம் உண்டு. இந்தியாவில் தனியார் துப்பறிவாளர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2007-இல் ஒரு மசோதா மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவில்லை. 2005-ஆம் வருடத்திய தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம், காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு உரியது. அதன்படி பெற்ற லைசென்ஸைக் காட்டி, "நாங்கள் அரசு அங்கீகாரம் பெற்ற துப்பறிவாளர்கள்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகிவிட வேண்டும். துப்பறிவாளருக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. சோதனை போடவோ, யாரையும் பிடித்து வைக்கவோ, ஆவணம் கேட்டு வாங்கவோ அவருக்கு உரிமையில்லை.

ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும் முறை

லைசென்ஸ் என்ற அளவுகோல் இல்லாததால், நம் விசாரணைதான் ஒரே பாதுகாப்பு. விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் வக்கீலையோ ஆடிட்டரையோ கேளுங்கள். வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இத்தகைய நிறுவனங்களைப் பயன்படுத்துவதால், அங்குள்ளவர்கள் நல்லது கெட்டது சொல்வார்கள். இரண்டு மூன்று பேரை நேரில் அவர்கள் அலுவலகத்திலேயே சந்தித்து, கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. நிறுவனம் எந்தப் பெயரில், எந்த முகவரியில் பதிவாகியுள்ளது? ஜி.எஸ்.டி. எண் உண்டா?

2. களத்தில் வேலை செய்யப்போவது யார்? சொந்த ஆளா, வெளியாளிடம் கைமாற்றி விடுவார்களா?

3. கடை, குடோன், வசூல் சம்பந்தமான வேலை இதற்கு முன் செய்திருக்கிறார்களா? பெயர்களை மறைத்து ஒரு பழைய அறிக்கையைக் காட்ட முடியுமா?

4. தகவலை எந்த வழியில் பெறுவார்கள்?

5. தேவைப்பட்டால் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்வார்களா?

நான்காவது கேள்விக்கு வரும் பதில் மிக முக்கியம். "அதெல்லாம் எங்கள் ஆள் இருக்கிறார், போன் விவரம், பேங்க் விவரம் எல்லாம் எடுத்துத் தருகிறோம்" என்று பெருமை பேசுகிறவரிடம் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள். பிறர் பெயர்களையும் வழக்குகளையும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறவரும் வேண்டாம். நாளை உங்கள் கடைக் கதையையும் அவர் வேறிடத்தில் சொல்வார். "நிச்சயம் பிடித்துவிடுவோம்" என்று உத்தரவாதம் தருகிறவர், யாரையாவது பிடித்துக் காட்டியாக வேண்டிய நிலைக்குத் தம்மைத் தாமே தள்ளிக்கொள்கிறார். அதே காரணத்துக்காக, "ஆளைப் பிடித்தால் இவ்வளவு" என்று பலனுக்கேற்பக் கூலி பேசுவதும் தவறு.

எழுத்தில் ஒப்பந்தம்

வாய்ப்பேச்சில் வேலை கொடுக்கலாகாது. என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "முருகனைக் கவனிக்கவும்" என்பது கேள்வியாகாது. "செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் குடோனிலிருந்து புறப்படும் வண்டி, சிட்டையில் இல்லாத இடத்தில் நிற்கிறதா?" என்பதே கேள்வி. ஆளைக் குறித்துக் கொடுத்தால் அவரைப் பற்றிய குறைகள்தான் வந்துசேரும். நிகழ்ச்சியைக் குறித்துக் கொடுத்தால் யார் செய்தாலும் தெரியவரும்.

கட்டணம் ஆளொன்றுக்கு நாள் கணக்கிலோ, வேலைக்கு இவ்வளவு என்றோ பேசப்படும். பயணம், தங்கல் ஆகிய செலவுகள் சேர்ந்ததா, தனியா என்று தெளிவுபடுத்துங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மேலே வரும். முன்பணம், உச்சவரம்பு, எத்தனை நாளில் முதல் அறிக்கை, எப்போது நிறுத்தலாம் என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் 5,000 ரூபாய் இழப்பைக் கண்டுபிடிக்க 60,000 ரூபாய் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் எடை மேடையும் கேமராவும் வைப்பது மேல்.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகளையே பயன்படுத்துவோம், கிடைத்த தகவலை மூன்றாமவருக்குத் தரமாட்டோம், வேலை முடிந்ததும் பதிவுகளை ஒப்படைப்போம் என்ற மூன்று உறுதிகளும் ஒப்பந்தத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

தொடக்கூடாத எல்லைகள்

2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக அமலாகின்றன. பிறரது தொலைபேசித் தகவலை அனுமதியின்றிப் பெறுவதும் ஒட்டுக்கேட்பதும் 2023-ஆம் வருடத்திய தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். 2018-இல் மகாராஷ்டிரத்தின் தாணே நகரப் போலீசார், தொலைபேசி அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தனர். இத்தகைய வழக்கில், தகவல் யாருக்காக வாங்கப்பட்டது என்ற கேள்வியும் வரும். குற்றத்தைத் தூண்டியவரும் குற்றவாளியே.

போலீஸ்காரர் போல் நடிப்பது, ஊழியரின் வீட்டுக்குள் நுழைவது, உடை மாற்றும் இடத்திலும் கழிவறையிலும் கேமரா வைப்பது, குடும்ப விவகாரங்களைக் கிளறுவது ஆகியவற்றுக்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்கக் கூடாது. சந்தேகப்பட்டவரைக் குடோனில் பூட்டி வைத்து மிரட்டி எழுதி வாங்குவது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில், அடைத்து வைப்பது 127-ஆம் பிரிவின்படியும், ஒப்புதல் வாங்க அடிப்பது 120-ஆம் பிரிவின்படியும் குற்றம். திருடியவர் புகார்தாரராகவும், திருட்டுக் கொடுத்தவர் எதிரியாகவும் மாறும் வழி இதுதான்.

அறிக்கை வந்த பிறகு

அறிக்கையில் தேதி, நேரம், இடம், யார் பார்த்தார் என்பவை இருக்க வேண்டும். "அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்" என்பதற்கு மதிப்பில்லை. திருக்குறளின் 'ஒற்றாடல்' அதிகாரம், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. அரசனுக்குச் சொன்ன அந்த முறை கடைக்கும் பொருந்தும். அறிக்கை ஒன்று சொன்னால், சரக்குக் கணக்கோ, பில் புத்தகமோ, கேமராப் பதிவோ அதை உறுதி செய்கிறதா என்று பாருங்கள்.

கேமராப் பதிவு கருவியில் சில வாரங்களில் பழையது அழிந்து புதியது பதிவாகிவிடும். ஆகவே தேவையான பகுதியை உடனே நகலெடுத்து வையுங்கள். அது கோர்ட்டில் செல்ல, பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வக்கீலிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊழியர் நாணயக்கேட்டினால் வரும் இழப்புக்கான பிடிலிட்டி கியாரண்டி பாலிசி வைத்திருப்பவர்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமின்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

குற்றம் தெளிவானால் போலீசில் புகார் செய்யலாம். ஊழியர் முதலாளியின் பொருளைத் திருடுவது 306-ஆம் பிரிவிலும், நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவது 316-ஆம் பிரிவிலும் வருகிறது. இரண்டுக்கும் ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு.

வேலையிலிருந்து நீக்குவதானால் வேறு முறை உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றி நீக்க முடியாது. முறைகேட்டுக்காக முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால், அதற்கென விசாரணை நடத்தி, திருப்தியான சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் உரிமையுண்டு. ஆகவே துப்பறிவாளரின் அறிக்கை விசாரணைக்குத் தொடக்கமே தவிர, தீர்ப்பு ஆகாது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள், அவர் தரப்புச் சாட்சியையும் கேளுங்கள்.

அதுவரை அவர் பெயரைக் கடைவீதியில் பேசக்கூடாது. "கடையில் கை வைத்தவன்" என்று ஒரு முறை பெயர் பரவிவிட்டால், அந்த ஊரில் வேறெந்தக் கடையிலும் அவருக்கு வேலை கிடைக்காது. பிறகு அவர் நிரபராதி என்று தெரிந்தால் அந்தச் சொல்லைத் திரும்ப அழைக்க வழியில்லை. அவதூறு வழக்கும் வரலாம். விசாரணையில் ஒருவர் மேல் குற்றமில்லை என்று தெரிந்தால், அந்தக் காகிதங்களை அழித்துவிட்டு அவரிடம் பழையபடி நடந்துகொள்வதும் முதலாளியின் கடமையே.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். துப்பறிவாளருக்குக் கொடுக்கும் கூலி அந்தத் தீர விசாரித்தலுக்காகத்தான். உறுப்பினர்கள் யாருக்கேனும் இத்தகைய தேவை ஏற்பட்டால், ஏஜென்சிக்குப் போன் செய்யுமுன் இருப்புக் கணக்கை ஒரு முறையும், வக்கீலை ஒரு முறையும் பார்த்துவிடுவது நலம்.