கூடாரமும் அடுப்படியும்

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது ஆண்டுதோறும் நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் சாரணியர் முகாம் பற்றிய செய்தி ஒட்டப்படும். மறுநாள் முதல் ஆசிரியர் அறை வாசலில் இரண்டு வகை மாணவியர் வந்து நிற்பார்கள். "டீச்சர், என் பேரையும் சேத்துக்குங்க" என்று ஓடி வருபவர்கள் ஒரு வகை. பெயரைக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்து, "வீட்ல வேண்டாங்கிறாங்க டீச்சர்" என்று சொல்பவர்கள் மற்றொரு வகை. இக்கட்டுரையை இரண்டாம் வகையினரை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். அவர்களுடைய தாய் தந்தையரும் படித்தால் மிக்க மகிழ்ச்சி.

முகாம் வாழ்க்கை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பேடன் பவல் இருபது சிறுவரைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் கூடாரம் அடித்தார். சாரணர் இயக்கம் அங்கிருந்து கிளைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1909இல், லண்டன் கிரிஸ்டல் பாலஸ் திடலில் சாரணர்கள் கூடிய இடத்திற்குச் சிறுமியர் சிலரும் அழையாமலே வந்து நின்று, தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் தோன்றியது. பேடன் பவலின் சகோதரி ஆக்னஸ் அதைப் பொறுப்பேற்று நடத்தினார். 1911இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் படை அமைந்தது. இன்று நாம் சேர்ந்திருக்கும் பாரத சாரண சாரணியர் இயக்கம் 7-11-1950 அன்று உருவானது. மறு ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. பெண்பிள்ளைகளுக்கு வெளியில் தங்கும் பழக்கம் எதற்கு என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே உண்டு. அதைக் கேட்டவர்கள் எல்லாரும் மூடர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பருவத்தைப் பற்றி. "லீவுதானே, எப்ப வேணும்னாலும் போகலாமே" என்று மாணவியர் சொல்வார்கள். அப்படி முடியாது. மே மாத விடுமுறை நீளமானதுதான். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் சமவெளியில் துணிக் கூடாரத்துக்குள் பகலில் கால் வைக்க இயலாது. கிணற்றிலும் தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கும். அரையாண்டு விடுமுறையில் குளிர்ச்சி உண்டு. ஆனால் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிடும். குடில் கட்ட வேண்டும், பலகாரம் சுட வேண்டும், உறவினர் வருவார்கள். அந்த வாரத்தில் மகளை அனுப்ப எந்தக் கத்தோலிக்கத் தாய்க்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு பொதுத்தேர்வு வந்து நிற்கும். ஆகவே எஞ்சுவது காலாண்டு விடுமுறை ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால், அதற்கு முன் ஐந்து நாள்கள் தட்டுத்தடுமாறிக் கிடைத்துவிடும். அப்போதும் சில ஆண்டுகளில் நவராத்திரி அதே நாள்களில் வந்துவிடுகிறது. கொலு வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் வர முடியாமல் போகிறது. எல்லாருக்கும் ஒத்துவரும் வாரம் என்று ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

மேல்நிலை வகுப்புகளில் உள்ள நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இதே சிக்கல்தான். அத்திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 24-9-1969 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவத் தொண்டர்களுடன் தொடங்கப்பட்டது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு, அதனுடன் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. 120 மணி என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆண்டு முழுதும் பரப்பிப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டரை மணிக்கும் குறைவு. அது வீட்டுக்குத் தெரியாமலே நடந்துவிடும். வீட்டை உலுக்குவது அந்த ஏழு நாள்தான்.

முகாம் ஐந்து நாள் என்று சொல்கிறோம். உண்மையில் அது மூன்று வார வேலை. முன்னதாகவே கூடாரங்களை எடுத்து விரித்து, எலி கடித்த இடங்களைத் தைக்க வேண்டும். முளைக்குச்சிகளை எண்ண வேண்டும். மளிகைப் பட்டியல் போட வேண்டும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தாலும் 32 பேருக்கு ஏறத்தாழ 5 கிலோ ஆகிறது. முகாம் முடிந்து திரும்பினால் ஈரக் கூடாரங்களைப் பள்ளி மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து மறு ஆண்டு கிழிந்துபோகும். இரவல் வாங்கிய அண்டாக்களைத் துலக்கித் திருப்பித் தர வேண்டும். ரசீதுகளை ஒட்டிக் கணக்கு எழுத வேண்டும். இந்த முன்வேலையும் பின்வேலையும் புகைப்படத்தில் விழுவதில்லை. வழக்கமாக இவை நாலைந்து மாணவியர் தலையிலும் ஓர் ஆசிரியை தலையிலும் விழும். முதலில் படிப்பைக் கெடுப்பதும் இவைதான். எனவே இப்போது ஒவ்வோர் அணிக்கும் முன்வேலை ஒன்று, பின்வேலை ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

முகாமில் ஒரு நாள் எப்படிக் கழியும்? எட்டுப் பேர் கொண்ட நான்கு அணிகள். சமையல், தண்ணீர், விறகு, துப்புரவு என்று நான்கு பணிகள். இன்று சமைத்த அணி நாளை தண்ணீர் எடுக்கும். நாளை மறுநாள் விறகு பொறுக்கும். காலையில் கொடியேற்றம், சர்வசமய வழிபாடு, கூடாரச் சோதனை. பகலில் முடிச்சுகள், முதலுதவி, திசை அறிதல். கழிகளைக் கயிற்றால் பிணைத்துத் தட்டு அடுக்கும் தாங்கியும் செருப்பு வைக்கும் தாங்கியும் செய்வார்கள். இரவில் முகாம் தீ மூட்டிப் பாட்டும் நாடகமும் நடக்கும். ஞாயிறு இடையில் வந்தால் அருகிலுள்ள பங்கின் தந்தை வந்து மரத்தடியில் திருப்பலி நிறைவேற்றுவார். மாதவிலக்கு நாளில் பிள்ளை என்ன செய்வாள் என்று கேட்கத் தயங்கும் தாய்மார்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அதற்கென மறைவான குளியலிடமும் வேண்டிய பொருள்களும் முதல் நாளே ஏற்பாடாகிவிடும், அந்த நாளில் அவளுக்கு ஏற்ற இலேசான வேலை தரப்படும்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை. நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். படுக்கப் போகுமுன் அதைச் சற்றுத் தளர்த்தாவிட்டால், நள்ளிரவு மழையில் அது இறுகி முளையையே பிடுங்கிவிடும். நைலான் கயிறோ நனைந்தால் தொய்யும்; அதை இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே கூடாரத்தில் கலந்து கட்டிய ஆண்டு நாங்கள் யாரும் தூங்கவில்லை.

தண்ணீர்தான் முகாமின் உயிர். பேரிடர்க் காலத் தங்குமிடங்களுக்காக உலக அளவில் வகுக்கப்பட்ட ஸ்பியர் நெறிமுறைகள், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கின்றன. அது ஒரு குடம். ஆசிரியர்களையும் சேர்த்து 36 பேர் என்றால் நாளொன்றுக்கு 36 குடம். எட்டுப் பேர் எடுத்தால் ஆளுக்கு நாலு நடை, ஐந்து நடை. மதியத்துக்குள் தோள் கடுத்துவிடும். "வீட்ல குழாயைத் திறந்தா வருது, இப்படியா டீச்சர்" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது குடத்தை இடுப்பில் ஏற்றுவாள்.

அந்த இன்னொருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் படித்தவள். முடிச்சுகளில் அவளை மிஞ்ச ஆளில்லை. அணித்தலைவி ஆகியிருக்க வேண்டியவள். பெயர் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் வந்து வேண்டாம் என்றாள். பெற்றோரின் பழமைப் போக்கு என்று முடிவுகட்டிக்கொண்டு, அதைத் திருத்திவிடும் எண்ணத்தோடு மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

தாயார் பூ வியாபாரம் செய்பவர். விடியற்காலை நாலு மணிக்கே சந்தைக்குப் போய்விடுவார். நான் ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்த அறிவுரை எதற்கும் அங்கே வேலையே இருக்கவில்லை. "பிள்ளை போகட்டும் டீச்சரம்மா. நாலு இடம் பாத்தாத்தானே அறிவு வரும்? ஆனா தண்ணி யாரு பிடிப்பா?" என்று அவர் கேட்டார். தெருக்குழாயில் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும்; ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும். எட்டுக் குடம் பிடித்து, சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்புவது மகளின் வேலை. மகள் ஐந்து நாள் இல்லாவிட்டால் தாய் சந்தைக்குப் போக முடியாது. ஐந்து நாள் வருமானம் போய்விடும். தந்தையார் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கலாம் என்று தாய்க்கும் தோன்றவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மேலே ஒளிந்திருக்கிறது என்று சொன்ன கேள்வி இதுதான்: பிள்ளை முகாமுக்குப் போனால் அவள் வேலை யார் மேல் விழும்? நம் சம்மதக் கடிதத்தில் தந்தையின் கையொப்பம் கேட்கிறோம், இரத்த வகை கேட்கிறோம், ஒவ்வாத உணவைக் கேட்கிறோம். இதைக் கேட்டதே இல்லை. பதினோரு ஆண்டுகளாக முகாம் நடத்துகிறேன். எனக்கும் இது பொருந்தும். ஓராண்டு முகாமின் இரண்டாம் இரவில் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. நான் பாதியில் ஓடி வந்துவிடக் கூடாது என்று மாமியார் அதை மறைத்து, மூன்று இரவு கண்விழித்துப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து தெரிந்தபோது நன்றி சொல்வதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மார்த்தாவின் வீட்டுக்கு இயேசு சென்ற நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மறையுரைகளில் மார்த்தா வழக்கமாகக் குட்டுப்படுகிறாள். ஆனால் லூக்கா நற்செய்தியைக் கூர்ந்து படித்தால், வேலை மிகுதி என்று மட்டும் அவள் முறையிடவில்லை. தன்னைத் தனியே விட்டுவிட்டார்களே என்றுதான் முறையிடுகிறாள். முகாமில் சுழலும் பணிப்பட்டியல் இருப்பதால் மார்த்தாக்கள் உண்டாவதில்லை. நம் வீடுகளில் நான்கு அணிகளின் வேலையையும் ஒரே ஆள், ஒரு நாளும் மாறாமல் செய்கிறார். முகாம் முடிந்து வீடு திரும்பும் பெண் முதலில் கவனிப்பது இதைத்தான் என்று பல மாணவியர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முடிச்சுகளைக் காட்டிலும் இதை நான் பெரிய பயிற்சியாக மதிக்கிறேன்.

அந்த ஆண்டு அவள் வரவில்லை. அடுத்த ஆண்டு ஒரு மாதம் முன்னதாகவே போய் உட்கார்ந்து பேசினேன், இம்முறை தந்தையாரிடம். தெருக்குழாயில் பெண்கள் வரிசையில் ஆண்பிள்ளை குடத்தோடு நிற்பதா என்று அவருக்குக் கூச்சம். முதல் நாள் நாலரை மணிக்கே போய்க் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் இருட்டில் ஒதுங்கி நின்றாராம். சோறு குழைந்து களியாகிவிட்டதாம். தம்பி இரண்டு நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனான். ஆனால் தாய் ஐந்து நாளும் சந்தைக்குப் போனார்.

அவளோ முகாமில் இரண்டாம் நாள், தன் அணிக்குத் தண்ணீர் முறை இல்லாதபோதும், விடியுமுன் எழுந்து குழாயடியில் போய் நின்றாள். போய்ப் படு என்றேன். "தூக்கம் வரல டீச்சர், பழகிப்போச்சு" என்றாள். நாலாம் நாள்தான் மற்றவர்கள் எழுப்பும்வரை தூங்கினாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். முகாம் முடிந்த மறுநாளே பள்ளி திறந்தது. வகுப்பில் உறங்கி விழுந்தாள். அந்த வாரக் கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. தாய் வந்து கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதன் பிறகு பள்ளி திறப்பதற்கு இரண்டு முழு நாள்கள் முன்பாகவே முகாமை முடித்துவிடுகிறோம். திறந்த முதல் மூன்று நாள்களில் தேர்வு வைப்பதில்லை என்று தலைமையாசிரியை சிஸ்டரும் இசைந்திருக்கிறார்கள். விடுமுறை வீட்டுப்பாடத்தைப் புறப்படுமுன் பாதியாவது முடித்துக் காட்டாதவர்களுக்கு முகாமில் இடமில்லை. இது கடுமையாகத் தோன்றலாம்; ஆனால் திரும்பி வந்த இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னவர்களில் எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. கைப்பேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டு, மாலையில் அரை மணி நேரம் மட்டும் தருகிறோம். பெற்றோரும் அந்த அரை மணியில் மட்டும் அழைத்தால் உதவியாக இருக்கும்.

வீட்டில் மாணவியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாங்கள் அன்றாடம் செய்யும் வேலைகளைப் புறப்படுவதற்கு இரு வாரம் முன்பே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால், அதைத் தம்பிக்கோ அண்ணனுக்கோ இப்போதே பழக்கத் தொடங்குங்கள். தங்கை மேல் மட்டும் சுமத்தாதீர்கள். பட்டியலில் ஒன்றுமே இல்லாவிட்டால் அதையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வாண்டு சம்மதக் கடிதத்தின் பின்புறத்தில் ஒரு வரியைச் சேர்த்தோம்: "மகள் முகாமில் இருக்கும் நாள்களில் அவள் வீட்டு வேலையைச் செய்பவர் யார்?" வந்த 32 கடிதங்களில் பெரும்பாலானவற்றில் "அம்மா" என்றே இருந்தது. சிலவற்றில் "பாட்டி", இரண்டில் "அண்ணன்". ஒன்றில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது: "அப்பா. இப்போது பழகிக்கொண்டிருக்கிறார்."