மாருத் போர் விமானமும் அதன் அளவு மாதிரிகளும்

எச்.எஃப்.-24 மாருத் என்பது இந்தியாவில் வடிவமைத்து உருவாக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானம் ஆகும். பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் (1964 முதல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) இதைத் தயாரித்தது. முதல் விமானம் 1961 ஜூன் 17 அன்று பறந்தது. இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்கள் 18 உட்பட மொத்தம் 147 மாருத்கள் கட்டப்பட்டன.

ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்ட இந்த விமானம், நடைமுறையில் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. குறை உடலமைப்பில் இல்லை, எஞ்சினில்தான் இருந்தது. எஞ்சினே இல்லாத ஒரு முழு அளவு மர மாதிரியைப் பறக்கவிட்டு உடலமைப்பை முன்பே சோதித்திருந்தார்கள். ஆகவே மாதிரி என்பது மாருத்தின் கதையில் பின்னாளில் வந்த பொழுதுபோக்கு மட்டுமன்று. அந்த விமானம் உருவான வழியில் அது ஒரு படி.

பெயர்

மாருத் என்பது வடமொழியில் காற்றையும் காற்றுத் தெய்வங்களையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. காற்றுக்குத் தமிழில் வழங்கும் 'மாருதம்' என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது.

பின்னணி

1950-களில் இந்திய விமானப்படை, பல பணிகளுக்கும் பயன்படக்கூடிய ஒரு போர் விமானத்தை உள்நாட்டிலேயே உருவாக்க விரும்பியது. மாக் 2 வேகம், 60,000 அடி உயரம், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் போர் ஆரம் ஆகியவை அது கேட்ட தகுதிகள். அந்த அளவுக்கு உயர்ந்த விமானத்தை அதுவரை இந்தியாவில் யாரும் வடிவமைத்ததில்லை.

இப்பணிக்காக ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூருக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர் அவரே. போருக்குப் பின் அர்ஜென்டினாவில் 'புல்கி 2' என்ற ஜெட் விமானத்தையும் உருவாக்கியிருந்தார். அவரது சிறிய குழுவுடன் இந்தியப் பொறியாளர்கள் இணைந்து பணியாற்றினர்.

முழு அளவு மர மாதிரி

வரைபடத்திலிருந்து நேரே உலோக விமானத்துக்குத் தாவாமல், இடையில் ஒரு படியை டாங்க் வைத்தார். மாருத்தின் அதே நீளம், அதே இறக்கை, அதே கட்டுப்பாட்டு அமைப்புகளுடன் மரத்தால் ஆன இரட்டை இருக்கை கிளைடர் ஒன்று செய்யப்பட்டது. இறக்கை மடிப்புகள், வேகத்தடைகள், உள்ளிழுக்கும் சக்கரங்கள் எல்லாம் அதில் இருந்தன. எஞ்சின் மட்டும் இல்லை. அளவு மாதிரிகளின் மொழியில் சொன்னால், அது 1/1 மாதிரி.

1959-இல் ஒரு டகோட்டா விமானம் இந்தக் கிளைடரைக் கயிற்றால் இழுத்து மேலே கொண்டுபோய் விடுவித்தது. இவ்வாறு 78 முறை அது பறந்தது. மெதுவான வேகத்தில் விமானம் எப்படி நடந்துகொள்கிறது, தரையிறங்கும்போது எவ்வளவு நிலையாக இருக்கிறது, விமானியின் கைக்கு எப்படிப் பணிகிறது என்பவை இதன்மூலம் தெரிந்தன. எஞ்சின் பொருத்திய முதல் விமானத்தை 1961-இல் ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

எஞ்சின் சிக்கல்

பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சின் இரண்டை நம்பியே மாருத் வடிவமைக்கப்பட்டது. பின்னெரிப்புடன் அது ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோகிராம் உந்துவிசை தர வேண்டியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் மேலும் எரிபொருளைத் தெளித்து எரித்துக் கூடுதல் விசை பெறுவதே பின்னெரிப்பு. ஆனால் அந்த எஞ்சினின் உருவாக்கத்துக்குப் பணம் தருவார் இல்லாமல் பணி நின்றுபோனது. வேறு வழியின்றி, பின்னெரிப்பு இல்லாத, 2,200 கிலோகிராம் உந்துவிசை கொண்ட ஆர்ஃபியஸ் 703 எஞ்சின் பொருத்தப்பட்டது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். முழுச் சுமையுடன் மாருத்தின் எடை 10,908 கிலோகிராம்.

திட்டமிட்ட எஞ்சின்கள்: 7,400 ÷ 10,908 = சுமார் 0.68
கிடைத்த எஞ்சின்கள்: 4,400 ÷ 10,908 = சுமார் 0.40

ஒவ்வொரு கிலோ எடையையும் தள்ள இருக்க வேண்டிய விசையில் ஐந்தில் இரண்டு பங்கு இல்லாமல் போனது. வேறு எஞ்சின்களைத் தேடும் முயற்சிகள் தொடர்ந்தன. எகிப்து உருவாக்கிவந்த ஈ-300 எஞ்சினைச் சோதிக்க ஒரு மாருத் அந்நாட்டுக்கே அனுப்பப்பட்டது. உள்நாட்டில் ஆர்ஃபியஸ் 703-க்குப் பின்னெரிப்புச் சேர்க்கும் முயற்சியும் நடந்தது. அந்த வகை விமானத்தின் சோதனையின்போது 1970 ஜனவரி 10 அன்று நேர்ந்த விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

படைப் பணி

வேகத்தில் பின்தங்கியதால் மாருத் வான்போருக்கான இடைமறிப்பு விமானமாக ஆகவில்லை. தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கும் விமானமாகவே பணிபுரிந்தது. 10, 220, 31 ஆகிய எண்களைக் கொண்ட படைப்பிரிவுகள் இதைப் பயன்படுத்தின. நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள், ராக்கெட்டுகள், குண்டுகள் ஆகியவை இதன் ஆயுதங்கள்.

1971 போரில் ராஜஸ்தான், சிந்து எல்லைப் பகுதியில் இரு வாரங்களில் மாருத்கள் 200-க்கும் மேற்பட்ட தாக்குதல் பறப்புகளை மேற்கொண்டன. டிசம்பர் 7 அன்று ஸ்குவாட்ரன் லீடர் கே. கே. பக்ஷி ஒரு ஸேபர் விமானத்தை வீழ்த்தியதாக இந்தியத் தரப்பில் பதிவாகியுள்ளது. தரையிலிருந்து வந்த சுடுதலில் ஓர் எஞ்சினை இழந்த பின்னும், மற்றொன்றின் துணையுடன் தளம் திரும்பிய மாருத்களும் உண்டு. 1990-க்குள் இவை அனைத்தும் படையிலிருந்து விலக்கப்பட்டன.

அளவு விகிதங்கள்

மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9.00 மீட்டர், உயரம் 3.60 மீட்டர். மாதிரி செய்வோர் பெரும்பாலும் மூன்று விகிதங்களைப் பின்பற்றுகின்றனர்.

1/72: நீளம் 22.0 செ.மீ., இறக்கை 12.5 செ.மீ., உயரம் 5.0 செ.மீ.
1/48: நீளம் 33.1 செ.மீ., இறக்கை 18.8 செ.மீ., உயரம் 7.5 செ.மீ.
1/32: நீளம் 49.6 செ.மீ., இறக்கை 28.1 செ.மீ., உயரம் 11.3 செ.மீ.

72 என்ற எண் அடி, அங்குலக் கணக்கிலிருந்து வந்தது. ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1/72 ஆகும். ஓர் அடியைக் கால் அங்குலமாக்கினால் 1/48.

நீளம் 72-இல் ஒரு பங்காகக் குறையும்போது பரப்பு 5,184-இல் ஒரு பங்காகவும், கனஅளவு 3,73,248-இல் ஒரு பங்காகவும் குறைகின்றன. எடையும் கனஅளவைப் போலவே குறைவதாகக் கொண்டால், 10,908 கிலோ மாருத் 1/72 அளவில் வெறும் 29 கிராம்தான் இருக்கும்.

மாதிரி அமைக்கும் முறை

ஹண்டர், ஸேபர், மிக் போன்ற விமானங்களுக்கு ஆயத்தப் பெட்டிகள் பல உள்ளன. மாருத்துக்கு அவை குறைவு என்பதால், மரத்திலோ பிளாஸ்டிக் தகட்டிலோ தாமே செதுக்கிச் செய்வது வழக்கம்.

1. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் முன்னிருந்தும் பார்க்கும் மூன்று வரைபடங்களை வேண்டிய அளவில் அச்சிட வேண்டும். அச்சிட்ட தாளில் இறக்கை அகலத்தை அளந்து பார்ப்பது அவசியம். அச்சுப்பொறி படத்தைச் சற்றுச் சுருக்கியிருந்தால் எல்லா அளவும் தவறிவிடும்.

2. பால்சா போன்ற மென்மரக் கட்டையில் பக்கவாட்டு உருவத்தை ஒட்டி முதலில் வெட்ட வேண்டும்; அடுத்து மேல்தோற்றத்துக்கு ஏற்ப வெட்ட வேண்டும். விளிம்புகளை உருட்டுவது கடைசியில்தான்.

3. உடலின் குறுக்கு வடிவங்களை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் பொருத்திப் பார்த்தபடி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

4. இறக்கையும் வாலும் மெல்லியவை என்பதால் அவற்றுக்குப் பிளாஸ்டிக் தகடு ஏற்றது. பின்சாய்ந்த இறக்கை உடலின் கீழ்ப்பகுதியில் பொருந்தும். இரு பக்கமும் கோணம் ஒன்றாக இருக்கிறதா என்பதை முன்னிருந்து பார்த்துச் சரிசெய்த பிறகே பசை உலர விட வேண்டும்.

5. இணைப்புகளில் புட்டி பூசித் தேய்த்து, அடிப்பூச்சு அடித்த பிறகு வண்ணம் தீட்ட வேண்டும். தொடக்ககால மாருத்துக்கு வெற்று உலோக நிறமும், பிற்காலத்ததற்குப் பச்சையும் பழுப்பும் கலந்த மறைப்பு நிறமும் பொருந்தும். இந்திய விமானப்படைச் சின்னத்தில் காவி வெளிவட்டமாகவும், வெள்ளை நடுவிலும், பச்சை மையத்திலும் அமையும்.

செதுக்குபவர் தவறவிடக் கூடாத கூறுகள் மூன்று. விமானியின் அறைக்கு இருபுறமும் உள்ள காற்று உள்வாய்களில் பாதிக் கூம்பு ஒன்று துருத்தி நிற்கும். பின்புறம் இரு எஞ்சின் வாய்கள் அருகருகே இருக்கும். உடல், இறக்கை சேரும் பகுதியில் இடைபோல் ஒடுங்கும்.

இடை ஒடுங்குவது ஏன்?

ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்துக்குக் காற்றின் தடை திடீரெனக் கூடுகிறது. உடல், இறக்கை, வால் எல்லாவற்றையும் சேர்த்த குறுக்குவெட்டுப் பரப்பு மூக்கிலிருந்து வால்வரை சீராகக் கூடிக் குறைந்தால் இத்தடை குறையும். இதற்குப் 'பரப்பு விதி' என்று பெயர். இறக்கை தொடங்கும் இடத்தில் பரப்பு கூடுவதால் அங்கே உடலை ஒடுக்குகிறார்கள்.

உள்வாய்கள் அடைக்கப்பட்டு, நீர் புகாதபடி வண்ணம் பூசிய மாதிரி இருந்தால் இதைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். அகன்ற பாத்திரத்தில் நீர் ஊற்றி அதை மின்னணுத் தராசில் வைக்க வேண்டும். மாதிரியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து, அதை மூக்கு கீழாகப் பிடித்து, பாத்திரத்தைத் தொடாமல் கோடு கோடாக நீரில் இறக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, விலகிய நீரின் எடை அளவுக்குத் தராசின் எண் உயரும். ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், ஒவ்வொரு கோட்டுக்கும் கூடிய கிராம்களே அந்த இடத்தின் சராசரிக் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர சென்டிமீட்டரில். இவற்றை வரைபடத் தாளில் குறித்தால் வளைவு சீராகப் போகிறதா என்பது தெரியும். பெரிய மாதிரியாக இருந்தால் அளவீடும் துல்லியமாக வரும்.

மாணவர்களுக்கு

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் அமைத்தல் பயிற்சியின் ஒரு பகுதியாகும். உண்மையான மாருத்தைப் பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அருங்காட்சியகத்தில் காணலாம். சேலம், ஏற்காடு பகுதி மாணவர்களுக்கு அது எட்டும் தொலைவுதான். ஜெர்மனியில் மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமிலும் ஒரு மாருத் காட்சிக்கு உள்ளது.

மாதிரியில் பார்க்க முடியாதது எஞ்சினின் விசை ஒன்றுதான். மாருத்துக்குக் கிடைக்காமல் போனதும் அதுவே. விமானத்தின் வடிவத்தைச் சொந்தமாக உருவாக்கும் நாடு, அதன் எஞ்சினுக்குப் பிறரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாருத் ஒரு தெளிவான சான்றாக நிற்கிறது.