மாணிக்கக்கல்லும் அதன் மெய்யான பெறுமதியும்

இரத்தினத்துவீபம் எனப் பண்டைக்காலத்திற் புகழப்பட்ட எமது நாட்டில் மாணிக்கக்கற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், கையிலிருக்கும் கல் எத்தகையது, அதன் தரம் என்ன என்பவற்றை முறையாக அறிந்து விற்போரும் வாங்குவோரும் சிலரே. இந்த அறியாமைக்கு நாடு கொடுத்த விலை சாதாரணமானதன்று.

'கெவுடா' எனப்படும் பால்போல் மங்கிய குருந்தக்கற்கள் நீண்டகாலமாகப் பெறுமதியற்றவையென ஒதுக்கப்பட்டு வந்தன. 1970களில் தாய்லாந்து வர்த்தகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1,600 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்திற் சூடேற்றி, உயர்ரக நீலக்கற்களாக மாற்றினர். கல்லினுள் நுண்ணிய ஊசிகளாகக் கிடந்த தைத்தேனியச் சேர்வை கரைந்து, இரும்புடன் இணைந்து நீல நிறத்தைத் தோற்றுவித்ததே இதன் இரகசியம். எமது மண்ணின் கல்லால் வந்த பெரும் இலாபம் பிறரைச் சென்றடைந்தது.

கல்லை இனங்காண்பதே முதற்படி. நிறத்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவது திண்ணம். பிரித்தானிய முடியில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெயருடன் விளங்கும் செந்நிறக் கல், உண்மையில் ஸ்பினல் என்ற வேறொரு கனியமாகும். குருந்தத்தின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.76 முதல் 1.77 வரையிலும் சாரடர்த்தி 4.0 ஆகவும் இருக்க, ஸ்பினலில் அவை முறையே 1.72, 3.6 ஆகும். ஆயினும், செயற்கைக் குருந்தம் இச்சோதனைகளிலும் இயற்கைக் கல்லைப் போன்றே காணப்படும். உருக்கி உருவாக்கப்பட்ட கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளையும் வாயுக் குமிழிகளையும் நுணுக்குக்காட்டியே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது தரம். நிறம், தெளிவு, பட்டை தீட்டப்பட்ட விதம், எடை ஆகிய நான்கும் இங்கு கவனிக்கப்படுகின்றன. ஐந்து கரட் ஒரு கிராமாகும். கல் பெரிதாகும்போது ஒரு கரட்டுக்கான விலையும் உயர்வதால், இரு மடங்கு எடையுள்ள கல் இரு மடங்கிலும் அதிக விலை பெறும். வைரத்துக்கு உள்ளதுபோல் உலகம் ஒருமித்து ஏற்ற தர அளவுகோல் நிறக்கற்களுக்கு இல்லை. எனவே, வியாபாரியின் வாய்ச்சொல்லே பல வேளைகளில் அளவுகோலாகிவிடுகிறது.

சூடேற்றப்படாத கல்லுக்கும் சூடேற்றிய கல்லுக்கும் தோற்றத்தில் வேறுபாடு தெரியாவிடினும் விலையிற் பெரும் வேறுபாடுண்டு. சூடேற்றுவது குற்றமன்று, அதனை மறைத்து விற்பதே குற்றம். 2000களின் ஆரம்பத்தில் பெரிலியம் ஊட்டிச் செயற்கையாக நிறமேற்றப்பட்ட கற்கள் அரிய 'பத்பராட்சா' கற்களென உலகச் சந்தையில் விற்கப்பட்டமை அனுபவசாலிகளையும் திகைக்க வைத்தது.

இரத்தினபுரியில் கிடைத்த 510 கிலோகிராம் நீலக்கற் பாறை 10 கோடி டொலர் வரை பெறுமதியானதென 2021 இல் செய்திகள் வெளியாகின. பாறையின் எடையைக் கரட்டாக மாற்றி விலை கூறுவது கணக்காகலாம்; மதிப்பீடாகாது. பட்டை தீட்டத்தக்க தெளிவான கல் அதிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி.

பேருவளை சீனன்கோட்டையிற் பல தலைமுறைகளாக இவ்வர்த்தகத்தில் ஈடுபட்டுவரும் முஸ்லிம் வர்த்தகர்களின் கண்ணனுபவம் நாட்டின் செல்வமாகும். ஆனால், அக்கண்ணுக்கும் இன்று ஆய்வுகூடத்தின் துணை அவசியம். குழியில் இறங்கிச் சேற்றோடு போராடும் தொழிலாளிக்கோ அந்தக் கண்ணும் இல்லை, கருவியும் இல்லை. செலவு போக எஞ்சுவதில் நிலச் சொந்தக்காரரும் அனுமதிப்பத்திரதாரரும் பங்கு பெற்ற பின்னரே அவனது பங்கு வருகிறது. கல் குறைந்த விலைக்குப் போனால் முதலில் நலிவது அவனது அடுப்பே.

எனவே, 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை, பரிசோதனை வசதியை அகழ்வு இடங்களுக்கு அருகிலேயே குறைந்த கட்டணத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். மகளின் திருமணத்துக்காகவோ சேமிப்பாகவோ கல் வாங்கும் எமது மக்களும், சூடேற்றப்பட்டதா இல்லையா எனக் குறிப்பிடும் ஆய்வுகூடச் சான்றிதழைக் கேட்டுப் பெறத் தயங்கலாகாது. அவ்வாறு கேட்பது வியாபாரியை அவமதிப்பதாகாது. நேர்மையான வியாபாரிக்கு அதுவே பாதுகாப்புமாகும்.